நிலையம் 14, மூன்றாம் அள்ளல்

முஹர்ரக் துறையிலிருந்து ஒன்றரை மணி நேரம்.
காற்றாலை இன்னும் வரவில்லை.
வரப்போகிற இடத்தில் மஞ்சள் மிதவை ஒன்று
விலை படியாத வியாபாரியைப் போலத்
தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

தூண் இறங்குவதற்கு முன்
இங்கே யார் யார் இருந்தார்கள் என்று
எழுதிவைப்பது என் வேலை.
பிறகு யாராவது கேட்டால்
காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும்.

என் பெயர் செங்கோட்டுவேல்.
நாமக்கல் பண்ணைகளில்
அட்டைக்கு முப்பதாக முட்டை எண்ணியிருக்கிறேன்.
விளக்கின்மேல் ஒவ்வொன்றாகப் பிடித்து
கீறலா, கருவா, வெறுமையா என்று சொல்லியிருக்கிறேன்.
கடலை முதன்முதலில் பார்த்தது
இங்கே இறங்கிய விமானத்தின் சன்னலில்.

ஷமால் நேற்றுதான் ஓய்ந்தது.
மர்ஸூக் என்ஜினை அணைக்கிறார்.
இரும்புத் தாடை கம்பியில் தொங்கி
பதினெட்டு மீட்டர் இறங்குகிறது.
முதல் அள்ளல்: பல்லிடுக்கில் கல். வாய் மூடவில்லை,
வழியெல்லாம் ஒழுகிவிட்டது. செல்லாது.
இரண்டாவது: வெறும் மணல், பாதிக்கும் கீழே. செல்லாது.
மூன்றாவது கனத்து வருகிறது.

சல்லடையில் ஊற்றி மெல்ல நீர் விடுகிறேன்.
சாம்பல் சேறு கடலுக்கே திரும்புகிறது.
ஒரு மில்லிமீட்டருக்குள் நுழைய முடியாதவை
மாட்டிக்கொள்கின்றன.

ரொமெல் மூழ்கி எழுந்து
முத்துச்சிப்பி ஒன்றை நீட்டுகிறான்.
ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்.
ஓட்டின்மேல் ஆரஞ்சுக் கடற்பஞ்சு குடியிருக்கிறது.
அளந்து, படமெடுத்து, எடுத்த இடத்திலேயே வை என்கிறேன்.
உள்ளே பார்க்க வேண்டாமா என்று சிரிக்கிறான்.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

மர்ஸூக் தன் பாதி இந்தியில் கேட்கிறார்:
தூணைச் சுற்றி ஐந்நூறு மீட்டர்
கூடு இறக்கக் கூடாதாமே?
அப்படித்தான் சொல்கிறார்கள்.
தூணடியில் ஹமூர் கூடுமாமே?
கூடலாம்.
எனக்கா, தூணுக்கா?

நான் புட்டியில் லேபிள் ஒட்டுகிறேன்.

நிலையம் 22 நான்கு கிலோமீட்டர் தள்ளி.
அங்கே எதுவும் கட்டப்போவதில்லை.
அதையும் இதேபோல் அள்ளுகிறோம்,
ஒன்றும் நடக்காத இடத்தில்
என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.
கணக்குக்காக எடுத்தவை எத்தனை செத்தன
என்ற கணக்கு மட்டும் எங்கும் இல்லை.
ஃபார்மலின் மூடியைத் திறக்கும்போது
முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.
நெடிக்காகத்தான்.

இரவு, ஹித்தில் ஆய்வுக்கூடம்.
ரோஸ் பெங்கால் என்றொரு சாயம்.
அள்ளும்போது உயிரோடு இருந்தது எதுவோ
அது சிவக்கும்.
முன்பே செத்த ஓடு எத்தனை நாள் ஊறினாலும்
வெள்ளையாகவே கிடக்கும்.
விசா புதுப்பிக்க
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
எங்களிடமும் ரத்தம் எடுக்கிறார்கள்.

தட்டில் ரோஜா நிறத்தில் புழுக்கள்,
அரிசி அளவு நண்டு,
பெயர் தெரியாததற்கு இனம் அ, இனம் ஆ.
பிஜு கொண்டுவந்த தேநீர் ஆடை கட்டிவிட்டது.
நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினெட்டு.

ஓரத்தில் ஒரு சிறு மட்டி.
இரண்டு ஓடும் இறுக மூடியிருக்கின்றன, நிறம் ஏறவில்லை.
உயிரோடு இருந்து சாயத்துக்கும் வாய் திறக்கவில்லையா,
இல்லை, எப்போதோ போய்விட்டதா?
பழக்கதோஷம்,
இடுக்கியில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன்.
முட்டை இல்லையே. ஒளி புகவில்லை.

ஊசியால் நெம்பினேன்.
உள்ளே சதை இல்லை, கெட்டியான சேறு.
சேற்றுக்குள் சுருண்டு,
நகக்கீற்றளவு,
நல்ல சிவப்பில் ஒரு புழு.

மட்டி: 0
புழு: 1
என்று எழுதினேன். குறிப்புக் கட்டத்தில்
வாடகைக்கு என்று எழுதி, அடித்துவிட்டு,
வெறுமையாக விட்டேன்.

காலை ஐந்துக்கு வரச் சொல்லியிருக்கிறார் மர்ஸூக்.
நிலையம் 15.